எருமைக் கன்றுக்கு எத்தனை தாய்?

பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘இனக்கலப்பு மற்றும் உயிர்த்தொழில்நுட்பவியல்’ பாடத்தை நடத்தும்போது, நகலாக்கத்தைப் பெரும்பாலும் டாலி செம்மறியாட்டோடு முடித்துவிடுகிறோம். கால்நடை வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் மிகுந்த எங்கள் பள்ளியில் நான் எருமையிலிருந்து தொடங்குகிறேன். சினை ஊசி, சோதனைக்குழாய்க் கன்று, நகலாக்கம் மூன்றும் ஒன்றே என்று மாணவர்கள் குழம்புவதை இது பெரிதும் குறைக்கிறது.

தெரிந்ததிலிருந்து தொடக்கம்

“சினை ஊசி போடுவதை யார் பார்த்திருக்கிறீர்கள்?” என்பதே என் முதல் கேள்வி. பல கைகள் உயரும்; கொஞ்சம் சிரிப்பும் எழும். சினை, பருவம், விந்து ஆகிய சொற்களை வீட்டில் பேசுவதுபோல நாம் இயல்பாகச் சொன்னால் சிரிப்பு தானே அடங்கிவிடும். ஊசி என்று சொன்னாலும் அது மருந்தன்று. மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிரில், திரவ நைட்ரஜனில் பாதுகாக்கப்பட்ட விந்து என்று விளக்குகிறேன்.

அடுத்து, பருவ அறிகுறிகளை மாணவர்களே சொல்வார்கள். பசு கத்தும், மற்ற மாட்டின் மேல் தாவும். எருமையில் இவை மங்கலாகவே தெரியும். பல நேரம் இரவில் வந்து போய்விடும். இதையே ஊமைப் பருவம் என்கிறோம். கண்ணாடி போன்ற வழும்பு, அடிக்கடி சிறுநீர் கழித்தல், பால் குறைதல் ஆகியவற்றைக் கவனித்தால்தான் பிடிபடும். ஒரு பருவம் தவறினால் அடுத்ததற்கு ஏறத்தாழ 21 நாள் காத்திருக்க வேண்டும். சினைக்காலமோ சுமார் 310 நாள். மூன்று பருவம் தவறினால் கன்றும் பாலும் எத்தனை நாள் தள்ளிப்போகும் என்று கணக்கிடச் சொல்கிறேன். இரண்டு மாதப் பால் வருமானம் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு வெறும் எண்ணன்று.

கரும்பலகையில் ஓர் அட்டவணை

உட்கரு தந்தது யார், முட்டை தந்தது யார், விந்து தந்தது யார், சுமந்தது யார் என நான்கு கட்டங்கள் வரைகிறோம்.

1. சினை ஊசி: முட்டை தந்த எருமையே சுமக்கிறது. தாய் ஒன்று.

2. சோதனைக்குழாய்க் கருவுறுதல்: முட்டையும் விந்தும் ஆய்வகத்தில் சேர்கின்றன. கருவை வேறோர் எருமை சுமக்கலாம். அப்போது பெற்ற தாயும் சுமந்த தாயும் வேறு.

3. நகலாக்கம்: உட்கரு ஓர் உயிரியிடமிருந்து, உட்கரு நீக்கிய முட்டை மற்றொன்றிடமிருந்து, கருப்பை மூன்றாவதிடமிருந்து. விந்துக் கட்டம் காலி.

“அப்படியானால் அந்தக் கன்றுக்கு அப்பா இல்லையா?” என்ற கேள்வி தவறாமல் வரும். விடையை உடனே சொல்லாமல் குழுக்களிடம் விட்டுவிடுங்கள். உட்கரு தந்த உயிரியின் பெற்றோரே மரபு வழியில் இக்கன்றுக்கும் பெற்றோர் என்பதை அவர்களே கண்டடைவார்கள். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. மட்டும் முட்டையிலிருந்து வருகிறது என்பதை நாம் சேர்க்கலாம்.

கர்னால் தரும் எடுத்துக்காட்டு

அரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் 1990இல் ‘பிரதம்’ என்னும் சோதனைக்குழாய் எருமைக் கன்று பிறந்தது. 2009 பிப்ரவரியில் ‘சம்ரூபா’ என்னும் நகல் கன்று பிறந்து சில நாட்களிலேயே இறந்தது. அதே ஆண்டு ஜூனில் ‘கரிமா’ பிறந்தது. 2010இல் கருமூலச் செல்லிலிருந்து உருவான ‘கரிமா-2’, 2013இல் ‘மகிமா’ என்ற கன்றை ஈன்றது. விலை உயர்ந்த நுண்கருவிக்கு மாற்றாக, நுண்ணோக்கியின்கீழ் மெல்லிய கத்தியால் கையாலேயே முட்டையின் உட்கருவை நீக்கினார்கள் என்றதும் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். சம்ரூபாவின் இறப்பையும் மறைக்காமல் சொல்லுங்கள். அறிவியல் எப்படி நடக்கிறது என்பது அதில்தான் தெரிகிறது.

வீட்டுச் செயல்பாடு

மூன்று வாரம், காலை மாலை இருவேளையும் தம் வீட்டு அல்லது அண்டை வீட்டு எருமையைக் கவனித்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். காலையில் அறிகுறி கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போடுவது வழக்கம் என்பதையும் சொல்லி அனுப்புகிறேன். மலடு என்று விற்கப்படும் எருமைகளுள் சில, பருவம் கண்ணில் படாதவையே. அதைக் கண்டு சொல்லும் பிள்ளையின் குறிப்பேடு ஒரு குடும்பத்தின் கறவையைக் காப்பாற்றக்கூடும். மதிப்பீட்டில் அக்குறிப்பேட்டுக்கும் உரிய மதிப்பெண் தாருங்கள்.