சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே

செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸாட்டோபெக் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றவர். பயிற்சியில் 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப விரைந்து ஓடுவார். இடையில் நிற்காமல் 200 மீட்டர் மெல்ல ஓடியே இளைப்பாறுவார்.

இளம் ஓட்டக்காரர்கள் எல்லா நாளும் அப்படியே செய்ய வேண்டியதில்லை.

இரண்டு மூன்று நிமிடச் சுற்றுகளுக்கு நடுவே மெல்லோட்டம் நல்லது. ரத்த ஓட்டம் தளராது, ஓட்டத்தில் சேர்ந்த லாக்டேட் சீக்கிரம் குறையும், இதயத் துடிப்பும் அதிகம் இறங்காது. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். ஆனால் 15 முதல் 30 விநாடி வரையிலான முழுவேகப் பாய்ச்சலுக்கு உதவுவது தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டின். அது மறுபடி சேர ஆக்சிஜன் வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தால் கால்கள் அதில் பங்கு கேட்கும். பாய்ச்சல் பயிற்சி நாளில் நின்றோ மெதுவாக நடந்தோ இளைப்பாறுவதே சரி.

எது ஒத்துவருகிறது என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். கடைசிச் சுற்றுகளின் நேரம் முதல் சுற்றைவிட வெகுவாகக் கூடினால் இளைப்பாறல் போதவில்லை.

பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளைச் சட்டென்று உட்கார விடாதீர்கள். கால்களில் ரத்தம் தேங்கித் தலைசுற்றும். சில நிமிடம் நடக்கச் சொல்லுங்கள்.