குட்டைவால் பூனை

பூனையை அறியாதார் இலர். திருவேங்கடம் முதலிய கரிசல் நிலத்து ஊர்களில், தானியம் சேர்த்து வைக்கும் வீடுகளுக்கு அதுவே எலிக்காவல். மதில்மேல் நடக்கும்போது அதன் நீண்ட வால் இருபுறமும் அசைந்து, உடல் சாயாதபடி காக்கின்றது. ஏறத்தாழ 20 சிறிய எலும்புகள் கோத்தாற்போல் அமைந்தது அவ்வால். ஆயினும், எல்லாப் பூனைகளுக்கும் வால் நீண்டிருப்பதில்லை.

முற்காலத்தில் நம்மவர் பலர் பிழைப்பு நாடி மலாயாவுக்கும் பர்மாவுக்கும் கப்பலேறினர். அந்நாடுகளில் குட்டைவால் பூனைகள் மிகுதி. மலாய்த் தீவுகள், சயாம், பர்மா ஆகிய இடங்களிலுள்ள பூனைகளின் வால் பாதியளவே இருப்பதையும், நுனியில் முடிச்சுப் போன்ற அமைப்புக் காணப்படுவதையும் சார்லஸ் டார்வின் 1868-இல் வெளியிட்ட நூலில் குறித்துள்ளார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அத்தகைய பூனைகளை இன்றும் தெருக்களில் காணலாம். ஜப்பானியக் குட்டைவால் பூனையின் வாலோ, முயலின் வால்போல் சுருண்டு, மயிர்க்கற்றையாய்த் தோன்றும். வால் குறுகியிருப்பினும் இப்பூனைகள் தாவுவதிலும் ஏறுவதிலும் சளைத்தவை அல்ல.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மான் தீவில் மற்றோரினம் உண்டு. அதனை மாங்க்ஸ் பூனை என்பர். அவ்வினத்தில் சிலவற்றுக்கு வாலே இராது; சிலவற்றுக்குச் சிறு முளை மட்டும் இருக்கும்; முழுவாலுடன் பிறப்பனவும் உண்டு. உருண்டை முகமும் திரண்ட உடலும் முன்கால்களைவிட நீண்ட பின்கால்களும் அதன் அடையாளங்கள். 1970-இல் அத்தீவு வெளியிட்ட நாணயம் ஒன்றில் அதன் உருவம் பொறிக்கப்பட்டது.

பூனைக்கும் முயலுக்கும் பிறந்தமையால் அதற்கு வால் இல்லையென மக்கள் கதை கட்டினர். அது பொருந்தாது. வால் குறுகுவதற்குக் காரணம் மரபணுவில் நேர்ந்த மாறுதலே. வியப்பு யாதெனில், கிழக்காசியப் பூனையின் மாறுதல் வேறு. மாங்க்ஸ் பூனையின் மாறுதல் வேறு. தோற்றம் ஒத்திருப்பினும் விளைவு ஒன்றன்று. கிழக்காசிய இனத்தில் குட்டிகள் பெற்றோர் இருவரிடமிருந்தும் அம்மாறுதலைப் பெற்றாலும் நலமாகவே வளர்கின்றன. மாங்க்ஸ் இனத்திலோ, இருவரிடமிருந்தும் பெற்ற கரு பிறக்குமுன்னே அழிகின்றது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவற்றுள்ளும் சில, முதுகெலும்பு குன்றி, நடக்கவும் கழிவை அடக்கவும் இயலாமல் துன்புறுகின்றன.

ஆதலின், புதுமையான உருவம் ஒன்றைக் கண்டு மகிழும்போது, அவ்வுருவம் அவ்வுயிருக்கு நலம் தருவதா என்றும் எண்ணுதல் வேண்டும். நம் கண்ணுக்கு அழகாய் இருப்பது அதற்கு நோயாய் முடிதல் ஆகாது. உயிரை வளர்ப்போர்க்கு அன்போடு அறிவும் வேண்டும் என்பதே குட்டைவால் பூனை நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.