நிலமறிந்து நடுவோம்

நுழையும்முன்

சிம்லாவில் ஒரு மாணவி தன் வீட்டின் பின்புறம், தேவதாரு மர நிழலில் ஹோஸ்டாச் செடி ஒன்றை மூன்றாண்டுகளாக வளர்த்து வந்தாள். அவள் தந்தைக்குச் சென்னைக்குப் பணிமாற்றல் வந்தது. "அம்மா, இச்செடியையும் நம்முடன் கொண்டு செல்லலாமா?" என்று அவள் கேட்டாள். அக்கேள்விக்குரிய விடையை இப்பாடத்தில் காண்போம்.

தாயகமும் பெயரும்

செடி என்றதும் மலரே நம் நினைவிற்கு வரும். ஹோஸ்டாவோ பெரிதும் இலையழகிற்காகவே வளர்க்கப்படும் செடி. ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகள் இதன் தாயகம். ஜப்பானியர் இதனைக் 'கிபோஷி' என்பர். பாலத்தின் கைப்பிடித் தூண் உச்சியில் அமைக்கப்படும் குமிழுக்கும் அதுவே பெயர். விரியாத பூங்கொத்து அக்குமிழை ஒத்திருக்கும். இளவேனிற்காலத்தில் மண்ணைப் பிளந்து வரும் இளங்குருத்தை அவர்கள் சமைத்தும் உண்பர்.

ஆஸ்திரியத் தாவரவியல் அறிஞர் ஹோஸ்ட் என்பவரைச் சிறப்பிக்கும் வகையில், 1812ஆம் ஆண்டு இதற்கு ஹோஸ்டா என்னும் பெயர் சூட்டப்பட்டது. பின்னர், நாகசாகியில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் சீபோல்டு இதன் பல வகைகளை ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றார். இன்று ஆயிரக்கணக்கான வகைகள் தோட்டங்களில் உள்ளன.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் இடத்தின் அளவை நோக்க வேண்டும். 'புளூ மவுஸ் இயர்ஸ்' என்னும் வகை ஒரு சாண் உயரமே வளரும். சிறு தொட்டிக்கு அது போதும். 'சம் அண்டு சப்ஸ்டன்ஸ்' என்னும் வகையோ ஒன்றரை மீட்டருக்கும் மேல் அகன்று படரும்.

அடுத்து, ஒளியின் அளவை நோக்க வேண்டும். நீலநிற இலைகளின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. கடும் வெயிலில் அப்பூச்சு நீங்கிவிட, இலை பச்சையாகத் தோன்றும். ஆகவே, நீலநிற வகைகளை நிழலில் நடுதல் வேண்டும். மஞ்சள்நிற வகைகள் காலையிளவெயிலைத் தாங்கும். வெண்மை மிகுந்த மெல்லிய இலைகள் வெயிலில் கருகிவிடும்.

மூன்றாவதாக, இலையின் தடிப்பை நோக்க வேண்டும். ஓடற்ற நத்தைகள் இரவில் வந்து இலைகளைத் துளைத்து உண்ணும். தடித்த இலைகளை அவை எளிதில் நாடுவதில்லை. நாய், பூனை ஆகியவற்றிற்கு இச்செடி நஞ்சாகும் என்பதையும் மறத்தலாகாது.

நடுதலும் பேணுதலும்

வேரின் அகலத்தைப்போல் இருமடங்கு அகலமாகக் குழி தோண்டி, மண்ணுடன் மட்கிய உரம் கலந்து நட வேண்டும். குருத்து தோன்றும் பகுதி நிலமட்டத்தில் இருத்தல் நன்று. மண் ஈரமாக இருக்க வேண்டும். ஆனால் நீர் தேங்கக்கூடாது. வேரைச் சுற்றி உலர்ந்த இலைகளை மூடாக்காக இட்டால் ஈரம் காக்கப்படும். தூர் பெருத்தபின், குருத்து முளைக்கும் பருவத்தில் அதனைத் தோண்டி, ஒவ்வொரு பகுதியிலும் வேரும் குருத்தும் இருக்குமாறு பிரித்து நடலாம்.

செடியின் உறக்கம்

இலையுதிர்காலத்தில் ஹோஸ்டாவின் இலைகள் யாவும் வாடி மடியும். செடி இறந்துவிட்டது என எண்ணுதல் தவறு. அது மண்ணுக்குள் உறங்குகிறது. பல வாரங்கள் நீடிக்கும் கடுங்குளிர் அதற்கு இன்றியமையாதது. அக்குளிர் கிடைக்காவிடில் செடி ஆண்டுதோறும் மெலிந்து, இறுதியில் அழியும். எனவே, சிம்லா போன்ற குளிர்மலை ஊர்களே இதற்கு ஏற்றவை. குளிர்காலமே அறியாத சென்னை இதற்கு ஏற்றதன்று. அங்கு நிழலான இடத்தில் இலையழகு வேண்டுவோர் கலேடியம், கோலியஸ் ஆகியவற்றை வளர்க்கலாம்.

மாணவியின் முடிவு

"சென்னையில் இதற்கு உறக்கம் வாராது, கண்ணே. உறங்காத செடி எவ்வாறு விழித்தெழும்?" என்றார் தாய். மாணவி முதலில் வருந்தினாள். பின்பு தூரை மூன்றாகப் பிரித்தாள். ஒன்றை அவ்வீட்டிற்குக் குடிவருவோருக்காக அங்கேயே நட்டாள். ஒன்றைப் பள்ளித் தோட்டத்திற்குக் கொடுத்தாள். மற்றொன்றை அண்டை வீட்டுத் தோழியிடம் ஒப்படைத்தாள். சென்னை வீட்டு முற்றத்தில் கலேடியம் கிழங்கை நட்டாள்.

நிலங்களுக்குக் குறிஞ்சி, முல்லை, மருதம் எனச் செடி மரங்களின் பெயர்களையே சூட்டியவர் நம் முன்னோர். எந்நிலத்தில் எது வாழும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். செடியை நேசிப்பவர் அதற்குரிய நிலத்திலேயே அதனை வாழவிடுவர்.

மறு ஆண்டு சித்திரையில் தோழியிடமிருந்து மடல் வந்தது. அதில், "உன் செடி விழித்துக்கொண்டது. இவ்வாண்டு ஐந்து குருத்துகள்!" என்று எழுதியிருந்தது.

சொற்பொருள்

தூர் – செடியின் அடிப்பகுதி
மூடாக்கு – மண்ணின் ஈரம் காக்க இடும் மேற்போர்வை
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது
மடல் – கடிதம்

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. நீலநிற இலை வெயிலில் பச்சையாகத் தோன்றுவது ஏன்?
2. ஹோஸ்டாவிற்குக் கடுங்குளிர் தேவைப்படுவது ஏன்?
3. மாணவி தூரை மூன்றாகப் பிரித்தது சரியா? உம் கருத்தைக் கூறுக.

ஆ. பிரித்து எழுதுக.
நிலமறிந்து, இளங்குருத்து, இலையழகு

இ. நீவிர் வாழும் ஊரின் வெப்பம், மழை, குளிர் ஆகியவற்றைக் கருதி, உம் வீட்டிற்கேற்ற ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, அதற்குரிய காரணங்களைப் பத்து வரிகளில் எழுதுக.