பராமரிப்புச் செலவும் கூட்டு நிதியும்

நம் அங்கத்தினர் ஒருவர் வீட்டில் வயது முதிர்ந்த தாயார் பக்கவாதத்தால் படுக்கையில் விழுகிறார் என்று கொள்வோம். வைத்தியச் செலவு எவ்வளவு என்று எல்லோரும் விசாரிக்கிறோம். பராமரிப்புச் செலவை எவரும் கேட்பதில்லை. குடும்பத்தை ஆண்டுக் கணக்கில் அரிப்பது பின்னதேயாகும்.

கைத்தறி ஒருவர் தொழிலன்று. கணவர் தறியில் அமர்ந்தால் மனைவி தார் சுற்ற வேண்டும். அவர் மாமியாரைக் குளிப்பாட்டவும் புரட்டிப் படுக்க வைக்கவும் எழுந்து போனால் தறியும் தாமதிக்கிறது. பெரியநாயக்கன்பாளையம் வட்டாரத்தில் பிள்ளைகள் பட்டறைகளுக்கும் ஆலைகளுக்கும் சென்றுவிடுவதால் மாற்றுக் கையும் இல்லை. நாளொன்றுக்கு 300 ரூபாய் குறைந்தால் 25 நாட்களில் 7,500 ரூபாய் நஷ்டம். விவசாயி வீட்டில் களையெடுக்கும் கை குறைந்தாலும் இதே கதைதான். இந்நஷ்டத்திற்கு ரசீது இல்லை. ஆகவே கணக்கில் ஏறுவதில்லை.

அரசின் உதவி எதுவரை? முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அது ஆதரவற்றோருக்கே உரியது. மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கானது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மருந்தையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டிற்கே கொண்டுவந்தது. எனினும் அன்றாடப் பணிவிடை குடும்பத்தின் சுமையாகவே நிற்கிறது.

ஜப்பான் 2000-இல் பராமரிப்புக் காப்பீட்டை ஏற்படுத்தியது. நாற்பது வயது முதல் சந்தா. பயனாளர் பங்கு போக, மீதியில் பாதி சந்தாவும் பாதி வரிப்பணமும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் ஊரார் சிறு தொகை சேர்த்து, நர்ஸுகளும் தொண்டர்களும் வீடு தேடிச் செல்லும் முறையை வளர்த்தனர். 2008-இல் அம்மாநில அரசு இதற்கெனக் கொள்கையே வகுத்தது.

இந்தத் துன்பம் எந்த வீட்டில் நேரும் என்று அறியோம். சில வீடுகளில் நேரும் என்பது நிச்சயம். கூட்டு நிதியின் தத்துவம் இதுவே. 300 அங்கத்தினர் மாதம் 25 ரூபாய் செலுத்தினால் 7,500 ரூபாய் சேரும். ஒரு வீடு தனியே இழக்கும் அதே தொகை! அதைக் கொண்டு பயிற்சி பெற்ற பணிப்பெண் ஒருவரைக் காலை நேரத்திற்கு அமர்த்தலாம். நாளைக்கு மூன்று வீடு வீதம், ஒன்றுவிட்டு ஒருநாள், ஆறு வீடுகளுக்கு அவர் சென்று வரலாம். சக்கர நாற்காலி, படுக்கைப் புண் வராமல் காக்கும் மெத்தை ஆகியவற்றைச் சங்கமே வாங்கி இரவல் தரலாம்.

எச்சரிக்கை ஒன்று. இந்நிதி தனிக் கணக்காக இருத்தல் வேண்டும். கடன் பாக்கிக்கு அதைத் திருப்பலாகாது. உதவி பெறுவோரைத் தாட்சண்யத்தால் அன்றி, நர்ஸின் பரிசோதனையைக் கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும். துணைவிதிகள் இடம் தருகின்றனவா என்று பார்த்து, வரும் மகாசபையில் இதனை ஆலோசிப்போமாக.