கஞ்சாவும் வளரும் மூளையும்



இலண்டன் வீதிகளில் "வீட்", "ஸ்கங்க்" என்று நம் பிள்ளைகள் கேள்விப்படும் பொருள், ஊரில் நாம் கேள்விப்பட்ட கஞ்சாவேதான். ஆனால் செடி ஒன்றாயினும் சரக்கு ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை அறியாமல் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னால் அது எடுபடாது. நான் வைத்தியன் அல்லன், கணக்காளன். மருத்துவ ஆய்வுகள் கூறுவதைக் கூட்டியும் குறைத்தும் சொல்லாமல் இங்கே தருகிறேன்.

மூளையில் நடப்பது என்ன?

கஞ்சாவிலுள்ள பல இரசாயனங்களில் இரண்டு முக்கியமானவை. போதை தருவது ரி.எச்.சி. அதன் வேகத்தை ஓரளவு தணிக்கக்கூடியது என்று கருதப்படுவது சி.பி.டி. 1964 இல் இஸ்ரேலிய விஞ்ஞானி ரஃபாயல் மெக்கூலமும் அவரது சகாவும் ரி.எச்.சி.யைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பை விளக்கினர். 1992 இல் மெக்கூலத்தின் ஆய்வுகூடம், அதேபோல வேலை செய்யும் ஒரு பொருளை மூளை தானாகவே உண்டாக்குகிறது என்று கண்டது. அதற்கு இட்ட பெயர் ஆனந்தமைட். ஆம், நமது "ஆனந்தம்" என்ற சொல்லிலிருந்தே அப்பெயர் வந்தது.

மூளை தன் ஆனந்தமைட்டைத் தேவையான இடத்தில், தேவையான அளவில் சுரந்து, விரைவில் அழித்துவிடும். வெளியிலிருந்து வரும் ரி.எச்.சி.யோ மூளை முழுவதும் பரவி நெடுநேரம் நிற்கும். அதனால் சற்றுமுன் கேட்டது மறக்கிறது. நேரம் மெல்ல நகர்வதுபோலத் தோன்றுகிறது. கைகால் ஒத்துழைப்புக் குறைகிறது. சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்குக் காரணமற்ற பயம் வரும்.

உடலில் நடப்பது என்ன?

இதயம் வேகமாகத் துடிக்கும், கண் சிவக்கும், பசி கூடும். புகைத்தால் சில நிமிடங்களில் ஏறும். இனிப்பாகவோ கேக்காகவோ உண்டால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை செல்லும். "ஒன்றும் செய்யவில்லையே" என்று மேலும் உண்பவர்கள் ஆபத்தில் மாட்டுவது இதனாலேயே. ரி.எச்.சி. கொழுப்பில் தங்குவதால், அடிக்கடி பாவிப்பவரின் சிறுநீரில் பல வாரங்களுக்கு அதன் தடயம் இருக்கும். புகையிலையுடன் கலந்து புகைப்பதால் அதன் தீமையும் சேர்கிறது.

இலண்டன் தரும் பாடம்

2016 இல் இங்கிலாந்தில் ஐந்து பொலிஸ் பிரிவுகள் கைப்பற்றிய கஞ்சாவை ஆய்ந்தபோது, 94 சதவீதம் வீரியம் கூடிய வகையாக இருந்தது. அதில் ரி.எச்.சி. சராசரி 14 சதவீதம். சி.பி.டி. இல்லை என்றே சொல்லலாம்.

இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் டொக்டர் மார்த்தா டி ஃபோர்ட்டி குழுவினர் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் செய்த ஆய்வு 2019 இல் வெளியானது. வீரியம் கூடிய கஞ்சாவை நாள்தோறும் பாவித்தோருக்கு, ஒருபோதும் பாவிக்காதோரைவிட, சைக்கோசிஸ் எனும் மனப்பிறழ்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு. இல்லாத குரல் கேட்பதும், எல்லோரும் தனக்கெதிராகச் சதி செய்வதாக நம்புவதும் இந்நோயின் அடையாளங்கள். வீரியம் கூடிய கஞ்சா இல்லாதிருந்தால், இலண்டனில் புதிதாக இந்நோய்க்கு ஆளானோரில் 30 சதவீதமானோருக்கு அது வராமலே போயிருக்கலாம் என்றும் அவர்கள் கணித்தனர்.

பாவிக்கும் எல்லோருக்கும் இந்நோய் வருவதில்லை. பெரும்பாலானோருக்கு வராது. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் முடியாது. மூளை ஏறக்குறைய 25 வயதுவரை வளர்கிறது. பதின்ம வயதில் தொடங்குவோருக்கே ஆபத்து அதிகம். பாவிப்போரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார். பதின்ம வயதில் தொடங்கினால் அது ஆறில் ஒருவர்.

பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

"இது மருந்துதானே?" 2018 நவம்பர் முதல் விசேட வைத்தியர் எழுதிக் கொடுக்க இங்கு சட்டம் இடமளிக்கிறது. மருந்துக்கு அளவும் கண்காணிப்பும் உண்டு. தெருவில் வாங்கும் பொட்டலத்துக்கு இரண்டும் இல்லை.

"சிவனுக்கும் உரியதுதானே?" வட இந்தியாவில் சிவராத்திரியன்று பாங்கு அருந்தும் வழக்கம் உண்டு. நம் ஆலயப் பூசையில் அதற்கு இடமில்லை.

"சட்டம் கண்டுகொள்ளாதே?" 2009 முதல் கஞ்சா மீண்டும் பி வகுப்புப் போதைப்பொருள். வைத்திருந்தால் 5 ஆண்டு வரையும், விநியோகித்தால் 14 ஆண்டு வரையும் சிறை விதிக்கலாம். நண்பனுக்குச் சும்மா கொடுப்பதும் விநியோகமே. குற்றத்தீர்ப்புக் குடியுரிமை விண்ணப்பத்தையும் பாதிக்கும்.

பெற்றோர் செய்ய வேண்டியது

ஷெல்லடியிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த பிள்ளைகளையும், இங்கே பிறந்த பிள்ளைகளையும் வெட்கத்தின் காரணமாக இழக்கக்கூடாது. பிள்ளை அறைக்குள் ஒதுங்கினால், இரவெல்லாம் விழித்திருந்தால், வீட்டாரையே சந்தேகித்தால், கண்ணூறு என்றோ செய்வினை என்றோ மாதங்களைக் கடத்தாதீர்கள். அர்ச்சனை செய்யுங்கள். அதே நாளில் குடும்ப வைத்தியரிடமும் போங்கள். மனப்பிறழ்வின் தொடக்க நிலைக்கென்றே சுகாதார சேவையில் தனிப்பிரிவு உண்டு. அங்கு அனுப்பப்பட்டால் இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதே விதித்த இலக்கு. அவசரமெனில் 111 ஐ அழைத்து மனநல உதவிக்கு 2 ஐ அழுத்துங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

கஞ்சா பாவித்ததை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். அவர் பொலிசாருக்காக வேலை செய்பவர் அல்லர். உண்மையைச் சொன்னால்தான் சரியான வைத்தியம் கிடைக்கும். நேரத்தோடு தொடங்கிய சிகிச்சையால் குணமடைந்து படிப்புக்கும் வேலைக்கும் திரும்பியவர்கள் பலர்.