கருதலளவையும் அடக்கமும்

யுரேனசின் நெறிபிறழ்ந்த இயக்கத்தை ஆராய்ந்து, காணாக் கோளொன்று அதனை ஈர்க்கின்றதென லெவெரியர் கணித்தார். 1846-இல் பெர்லின் வானாய்வகத்தார் அவர் குறித்த இடத்திற்கு ஒரு பாகையளவினுள்ளே நெப்டியூனைக் கண்டனர். புதனின் பிறழ்ச்சிக்கும் அம்முறையே பற்றி, 1859-இல் பிறிதொரு கோளுண்டென அவர் துணிந்தார், அஃது இல்பொருளாயிற்று. 1915-இல் ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கொள்கையே உண்மைக் காரணத்தைப் புலப்படுத்திற்று.

கண்ட பிறழ்ச்சி மெய்யே. அதற்குக் காரணம் காணாக் கோளேயாதல் வேண்டுமென்றதே பொருந்தாத் துணிபு. அன்பரொருவரின் வாடிய முகங்கண்டு, அவர் நம்மை வெறுத்தாரென நாமும் நாடோறும் இங்ஙனமே துணிகின்றோம். அவர் பசித்திருத்தலுங் கூடும்.

உயிரறிவு சிற்றறிவென்பது நம் சித்தாந்தம். முற்றறிவு இறைவனுக்கே உரித்தென நம்புவோன் தன் துணிபை மீண்டும் ஆராய அஞ்சான். ஆராய்ச்சியாளர்க்கு வேண்டும் அவ்வடக்கமே அடியார்க்கும் அணியாம். தான் கருதியதே முடிந்த முடிபென்னுஞ் செருக்கு ஆணவத்தின் செயலன்றோ?