வெயிலும் நோயும்

வேலூரின் வெயிலைப் பழியாதார் நம்முள் யாவர்? சித்திரை, வைகாசித் திங்கள்களில் கோட்டை மதிலும் மலைப்பாறைகளும் ஒருங்கே கொதிக்கும். அங்ஙனமிருந்தும், வெயிலால் உடம்பிற் பிறக்கும் வைட்டமின் டி என்னும் உயிர்ச்சத்து நம் மக்கள் பலர்பாற் குறைந்துள்ளது என்பர் மருத்துவர். 2020ஆம் ஆண்டிற் கொரோனா நோய் பரவியபோது இச்சத்தைப் பற்றி எழுந்த வழக்கு, காரணம் இது, உடனிகழ்ச்சி இது எனப் பிரித்தறிய விரும்புவார்க்கு நல்லதொரு பாடமாகும். அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஞாயிற்றின் கதிர்களுட் கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிர் தோலிற் படுங்கால், ஆண்டுள்ள கொழுப்புப் பொருளொன்று இச்சத்தாக மாறுகின்றது. பின்னர் அஃது ஈரலிலும் சிறுநீரகத்திலும் வேறுபட்டுத் தொழில் செய்யும் நிலையை அடைகின்றது. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் ஏற்குமாறு செய்தலே இதன் முதன்மைத் தொழில். இது குன்றின் குழந்தைகளின் எலும்பு வளையும். 1919இல் ஆங்கில அறிஞர் மெல்லன்பி, நாய்க்குட்டிகளைக் கொண்டு ஆராய்ந்து, மீனெண்ணெய் அந்நோயைத் தடுக்கும் எனக் கண்டார். அவ்வாண்டிலேயே ஹுல்ட்ஷின்ஸ்கி என்பார், பெர்லின் நகரிற் பாதரச விளக்கின் ஒளியால் நோயுற்ற குழந்தைகளைக் குணப்படுத்தினார்.

நம் பகுதி ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் உள்ளது. மார்கழி நண்பகலிலும் ஈண்டு ஒருவன் நிழல் அவன் உயரத்தினுங் குறுகியதே. ஆதலின் ஆண்டு முழுவதும் வேண்டிய கதிர் நமக்குக் கிட்டும். ஆயினும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில், 'ஷூ கம்பெனி' என வழங்கும் தொழிற்சாலைகளிற் பெண்கள் பலர் பகற்பொழுதைத் தையற்பொறியின் முன் கூரையின்கீழ்க் கழிக்கின்றனர். சாளரத்தின் வழியே ஒளி வரினும், கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடும். கருநிறத் தோலுக்கோ கூடுதலான நேரம் வேண்டும். நமக்கு அண்மையிலுள்ள திருப்பதியில் நடந்து 2007இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, நாட்டுப்புறத்தாரினும் நகரத்தார்பால் இச்சத்துக் குறைவென்றும், இரு திறத்தாருள்ளும் பலர்க்குப் போதிய அளவில்லை என்றும் காட்டிற்று.

இனி வழக்கிற்கு வருவாம். கொரோனாவால் மருத்துவமனை சேர்ந்தாரின் இரத்தத்தைப் பல நாட்டு மருத்துவர் சோதித்தனர். இச்சத்துக் குறைந்தார்க்கு நோய் கடுமையாயிற்று எனப் பலர் எழுதினர். குறைவே சாவுக்குக் காரணம் என்று மக்கள் துணிந்தனர். ஆனால் கோழி கூவியோ பொழுது விடிகின்றது? கடுநோய் வந்தவிடத்து, அந்நோயே இரத்தத்தில் இச்சத்தின் அளவைத் தாழ்த்தக்கூடும். முதியோர்க்கும் உடற்பருமன் மிக்கார்க்கும் இச்சத்து இயல்பாகவே குறைவு; கொரோனா மிகுதியாக வருத்தியதும் அவர்களையே. ஆகவே குறைவு, காரணமாகாது அடையாளமாக மட்டும் இருத்தல் கூடும்.

இவ்வையத்தைத் தீர்க்கும் வழி ஒன்றே. நோயாளரைக் குலுக்குச்சீட்டு முறையால் இரு கூறாக்கி, ஒரு கூறார்க்கு மட்டும் மருந்தளித்துப் பார்த்தல் வேண்டும். பிரேசில் நாட்டுச் சாவோ பாவ்லோவில் மருத்துவமனை சேர்ந்த 240 பேரை அங்ஙனம் பிரித்து, ஒரு சாரார்க்கு 2,00,000 அலகு வைட்டமின் ஒரே முறையில் அளித்தனர். அவர் இரத்தத்தில் அளவு உயர்ந்தது. எனினும், 2021இல் வெளிவந்த முடிவின்படி, மருத்துவமனையில் தங்கிய நாள் இரு சாரார்க்கும் நடுத்தரமாக 7 நாளே. நோய் முற்றியபின் கொடுத்தமையின் பயனில்லை போலும் எனின், பிரிட்டனில் 6,200 பேரைக் கொண்டு நடத்தி 2022இல் வெளியிட்ட சோதனையில், சத்துக் குறைந்தார்க்கு முன்கூட்டியே ஆறு திங்கள் நாடோறும் கொடுத்தும் கொரோனா குறைந்திலது.

இதனால் இச்சத்து வேண்டா என்பது பொருளன்று. எலும்பிற்கு இஃது இன்றியமையாதது. குறையுடையார் மருத்துவர் சொற்படி உண்ணல் கடன். வாரம் ஒருமுறைக்கு உரிய 60,000 அலகு மருந்தைத் தாமே வாங்கி நாடோறும் உண்பாராயின், இரத்தத்திற் சுண்ணாம்பு மிகுந்து வாந்தியுண்டாம், சிறுநீரகமும் கெடும். அதனினுங் கொடிது, மருந்துப்பொடியை நம்பிக் காய்ச்சல் முற்றும்வரை மருத்துவமனை செல்லாதிருத்தல்.

நம் மாணவருட் சிலர், தோல் தொழிலால் வாழும் இல்லங்களிலிருந்து வருபவர். அன்னையரும் தமக்கையரும் உணவிடைவேளையிற் சிறிது வெளியே வெயிலில் அமரவும், கேழ்வரகும் முட்டையும் மீனும் உண்ணவும், காய்ச்சல் கடுத்தவிடத்து மருத்துவமனைக்கு விரையவும் நாம் எடுத்துரைத்தல் வேண்டும். நோய்க்கு முதற்காரணத்தை நாடுக என்று பணித்தவர் வள்ளுவர். உடன் நின்றதையெல்லாம் காரணமெனக் கொள்ளாமை அந்நாட்டத்தின் முதற்படி. கல்லூரியிற் பயின்ற நாம் அத்தெளிவை இல்லத்திற்கும் கொண்டு செல்வோமாக.